பால்வாடிக்குப் போகும் பழைய டப்பா

குப்பைக்குப் போக வேண்டிய ஒரு பொருளை எடுத்துக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது சிக்கனமா, அசட்டையா? கூடாதென்று மறுத்தால் அது பேணுதலா, வஸ்வாஸா? கல்மண்டபம் பகுதித் தாய்மார்கள் சிலர் நம்மிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. பார்வைக்குச் சிறிய மஸ்அலாதான். உள்ளே நுழைந்து பார்த்தாலோ தூய்மை, சிக்கனம், தர்மம், அமானத்து ஆகிய நான்கும் அதில் பின்னிக் கிடப்பது தெரிகிறது.

விஷயம் இதுதான். பால்வாடிகளிலும் மழலையர் வகுப்புகளிலும் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக் கொடுக்கிறார்கள். அதற்காக வீட்டில் மிஞ்சும் அட்டைப்பெட்டி, பால் கவர், முட்டை அட்டை, பாட்டில் மூடி, தீப்பெட்டி, பழைய பத்திரிகை ஆகியவற்றைக் கொடுத்தனுப்பும்படி டீச்சர் சொல்லி விடுகிறார். ஒரு தாய், "அதில் நஜீஸ் பட்டிருந்தால் என்ன செய்வது?" என்கிறார். இன்னொருவர், "கிருமி இருக்குமே, பிள்ளை வாயில் வைக்குமே" என்று அஞ்சுகிறார். மூன்றாமவரோ, "யார் வீட்டு டப்பாவோ, அதை என் பிள்ளை தொடுவதா?" என்று முகம் சுளிக்கிறார். மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றோடொன்று குழப்பிக் கொள்வதால்தான் பதில் கிடைக்காமல் தவிக்கிறோம்.

பழையதில் புதியது செய்வது

முதலில், பழைய பொருளை மீண்டும் பயன்படுத்துவது இழிவன்று என்பதை மனத்தில் நிறுத்த வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக் கொண்டார்கள். தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டுக் கொண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் வைத்து விளையாடிய பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணி ஒட்டுகளால் இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. ஆஷுரா நோன்பன்று பசியால் அழுத பிள்ளைகளுக்கு, நோன்பு திறக்கும் வரை, கம்பளி உரோமத்தால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து வைத்ததாக ஸஹாபிப் பெண்மணி ருபைய்யிஃ (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே துண்டு துணியிலும் மிஞ்சிய கம்பளியிலும் பிள்ளைக்கு விளையாட்டுச் செய்து தருவது நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல.

நம் நாட்டிலும் இதைப் பெருமுயற்சியாகச் செய்து காட்டியவர் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு தொடர்பு கொண்டார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வடிவங்களைக் கற்றுத் தரும் வழியைக் கண்டார். குப்பையிலிருந்து விளையாட்டுப் பொருள் என்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விலை கொடுத்து பொம்மை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அறிவு வளர வழியுண்டு என்பதே அதன் பொருள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், நம் மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே வருகின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி ரயிலாகும், லாரியாகும், துறைமுகத்துக் கப்பலாகும். அதை நாம் கெடுத்துவிடலாகாது.

ஆட்டுத்தோல் தரும் பாடம்

இந்த விஷயத்தில் நமக்கு நேரான வழிகாட்டி ஒரு ஹதீஸ். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் அடிமையாயிருந்து உரிமை பெற்ற பெண்ணுக்கு ஓர் ஆடு தர்மமாகக் கிடைத்தது. அது செத்துப் போயிற்று. தூக்கி எறிந்து விட்டார்கள். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்திக் கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்றார்கள் தோழர்கள். தின்பதுதான் ஹராம் என்று பெருமானார் விளக்கினார்கள்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எறிந்ததையும் எடுக்கலாம் என்பது ஒன்று. பதனிட்ட பிறகு என்பது மற்றொன்று. பெரும்பாலும் நாம் முதல் செய்தியை மட்டும் கேட்டுக் கொண்டு இரண்டாவதை விட்டு விடுகிறோம். பெரியமேட்டுத் தோல் மண்டியையும், வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளையும் அறிந்த நம் சமுதாயத்துக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் அப்படியே செருப்பாகி விடுவதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, ஆவாரம்பட்டையில் பதமாகி, காய்ந்த பிறகே அது மனிதன் காலுக்கு வரும். அந்த உழைப்பு இல்லையென்றால் அது வெறும் நாற்றம். பழைய பொருளுக்கு மதிப்பு வருவது அதைக் கழுவித் துடைத்துக் காய வைக்கும் உழைப்பினால்தான்.

சந்தேகத்துக்கு எல்லை

இனி மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம். முதலாவது, நஜீஸ் பற்றியது. பொருள்களின் அசல் நிலை தூய்மையே என்பதும், உறுதியானதைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பதும் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகள். ஒரு டப்பாவில் நஜீஸ் பட்டதைக் கண்ணால் கண்டாலோ, நம்பத் தகுந்தவர் சொன்னாலோ, வாடையும் நிறமும் காட்டிக் கொடுத்தாலோ தவிர, அது தாஹிர்தான். பட்டிருக்குமோ என்று நினைத்து நினைத்து மருகுவது வஸ்வாஸ். உமர் (ரலி) அவர்கள் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களோடு பயணம் செய்கையில் ஒரு நீர்த்தொட்டியண்டை வந்தார்கள். இங்கே காட்டு விலங்குகள் வந்து நீர் குடிக்கிறதா என்று அம்ரு (ரலி) தொட்டிக்காரரைக் கேட்டார்கள். எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று உமர் (ரலி) தடுத்து விட்டார்கள். துருவித் துருவி ஆராய்ந்து வாழ்க்கையை முட்டுக்கட்டை ஆக்கிக் கொள்ளாதே என்பது அதன் கருத்து.

இந்த வஸ்வாஸ் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020ஆம் ஆண்டில் நாம் கண்ணால் கண்டோம். அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே கொரோனா மிகுதியாகப் பரவிய மண்டலங்களில் நம் இராயபுரமும் ஒன்று. பால் கவரைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறியை வாசலில் கிடத்தினோம், பத்திரிகையை நிறுத்தினோம். தெரியாத நேரத்தில் அந்தப் பேணுதல் சரியே. பிறகு, தொட்ட பொருளால் அந்நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. அதற்குப் பின்னும் அட்டைப்பெட்டியைக் கண்டு நடுங்குவது பேணுதலாகாது. அறிவு வந்த பின் அச்சம் தன் அளவுக்குத் திரும்ப வேண்டும்.

யார் வீட்டு டப்பா?

இனி மூன்றாம் தாயின் கேள்விக்கு வருவோம். அதை முதலிலேயே வேரோடு பிடுங்க வேண்டியிருக்கிறது. சுத்தம் என்ற போர்வையில் மனிதரைத் தாழ்த்தும் நோய் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மீனவர் வீட்டிலிருந்து வந்ததா, துப்புரவுப் பணியாளர் வீட்டிலிருந்து வந்ததா, மாற்று மதத்தார் வீட்டிலிருந்து வந்ததா என்று கேட்பதற்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. மனித உடல் தூயது என்பது நம் இமாம்களின் முடிவு. இணைவைக்கும் பெண் ஒருத்தியின் தோல்பையிலிருந்த நீரை நபிகள் நாயகமும் (ஸல்) தோழர்களும் பயன்படுத்திய சம்பவம் ஸஹீஹான நூல்களில் இருக்கிறது. வேதக்காரர்களின் பாத்திரத்தில் உண்ணலாமா என்று அபூ ஸஃலபா (ரலி) கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற கருத்தில்தான் பதில் வந்தது. அம்மக்கள் தம் பாத்திரத்தில் பன்றி சமைத்தார்கள், மது அருந்தினார்கள் என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது. அதாவது, பாத்திரம் எதை வைத்திருந்தது என்பதுதான் அங்கே கவனிக்கப்பட்டது. வைத்திருந்தவர் யார் என்பது பொருட்டாகவில்லை.

நம் தாய்மார்கள் இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக் கொண்டால் போதும்: யார் வீட்டு டப்பா என்று கேட்காதீர், அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

தாஹிர் வேறு, சுத்தம் வேறு

இப்போது இரண்டாம் தாயின் அச்சம். இதை வஸ்வாஸ் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. தூங்கி எழுந்தவர் கையை மூன்று முறை கழுவாமல் பாத்திரத்தில் விட வேண்டாம். இரவில் அது எங்கே இருந்ததென்று அவருக்குத் தெரியாது என்பது நபிமொழியின் கருத்து. சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கை நஜீஸ் என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. வெறும் சந்தேகத்தால் அது நஜீஸாகவும் மாட்டாது. ஆனாலும் கழுவச் சொன்னார்கள். ஆக, ஒரு பொருள் நஜீஸா என்பது தீர்ப்பின் கேள்வி. அதை அப்படியே புழங்கலாமா என்பது பேணுதலின் கேள்வி. முன்னதற்கு உறுதி வேண்டும். பின்னதற்கு நியாயமான சந்தேகமே போதும்.

நம் ஊரிலேயே உதாரணம் பாருங்கள். காசிமேட்டிலிருந்து மீன் வந்த தெர்மகோல் பெட்டி. செத்த மீன் ஹலால். மீன் பட்டதாலேயே பெட்டி நஜீஸாகி விடுவதில்லை. ஆயினும் மீன் நீர் ஊறிய அந்தப் பெட்டியை வெட்டிப் பிள்ளை கையில் வீடு கட்டக் கொடுப்போமா? முட்டை அட்டையை எடுத்துக் கொள்ளுங்கள். முட்டை ஓட்டின் மேல் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பதுண்டு. உலர்ந்த இடத்திலும் அது பல வாரம் பிழைத்திருக்கும். வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். கூழால் செய்த அட்டையைக் கழுவவும் முடியாது. கோழி எச்சம் ஒட்டியிருந்தால் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் அது நஜீஸே. மேலை நாட்டு மழலையர் வகுப்புகளில் முட்டை அட்டையைப் பற்றியும் கழிவறைக் காகிதச் சுருளின் உள்குழாயைப் பற்றியும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. நமக்குக் காகிதச் சுருள் பழக்கமில்லை. முட்டை அட்டை இருக்கிறது.

பெரியவர் ஒருவர் இந்த அட்டையைத் தொட்டால் கை கழுவிக் கொள்வார். மூன்று வயதுப் பிள்ளை தொட்ட கையை வாயில் வைக்கும். மேலும், பெரியவர் தம் சிக்கனத்துக்காகத் தாமே துன்பத்தை ஏற்கிறார். பிள்ளையோ நம் சிக்கனத்துக்காகத் துன்பத்தை ஏற்க வைக்கப்படுகிறது. அது கேட்கவுமில்லை, ஒப்பவுமில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் பயணத்துக்காகத் துருவிக் கேட்காமல் விட்டார்கள். அதைச் சாட்டாக வைத்து, பிறர் பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளில் நாம் கேட்காமல் விடலாகாது. பிள்ளை நம் கையில் அமானத்து.

பீகாரில் நடந்தது

"என்ன இருந்தது" என்ற கேள்வியைக் கேட்காததன் விலையை நம் நாடு ஒரு முறை கொடுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்து போனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு காட்டியது. முன்பு பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதாக அதிகாரிகள் கூறினார்கள். அது கைவேலை அல்ல, சமையல்தான். ஆனால் பாடம் ஒன்றே: சில பொருள்கள் வைத்திருந்த பாத்திரம் எத்தனை கழுவினாலும் குழந்தைக்கு உரியதாகாது.

எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வாழும் நமக்கு இது வெகு தூரத்துச் செய்தி அல்ல. காலியான கேன்களும் பீப்பாய்களும் நம் தெருக்களில் சாதாரணமாகப் புழங்குகின்றன. பூச்சிமருந்து, பினாயில், ஆசிட், பெயிண்ட், தலைச்சாயம், பேட்டரி, மருந்துச் சீட்டு, ஊசி இவற்றின் உறையோ டப்பாவோ பால்வாடிப் பக்கமே போகக் கூடாது. இதில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கழித்ததைக் கொடுப்பதா கொடை?

இந்த மஸ்அலாவின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மதீனத்து அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் கட்டித் தொங்க விடுவார்கள். பசித்த ஏழை முஹாஜிர்கள் அதில் பறித்து உண்பார்கள். சிலர் காய்ந்ததும் உடைந்ததுமான மட்டக் குலையைக் கொண்டு வந்து தொங்க விட்டார்கள். அப்போதுதான், உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக் கொண்டாலன்றி வாங்க மாட்டீர்களே, அத்தகைய மட்டமானதைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதீர்கள் என்ற கருத்துள்ள பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கியதாக பரா (ரலி) அறிவிக்கிறார்கள்.

பால்வாடிக்குப் போகும் பையைத் திறந்து பாருங்கள். தயிர் நாற்றம் வீசும் கப்பு, எறும்பு மொய்த்த பிஸ்கட் உறை, எண்ணெய் ஊறிய பலகார டப்பா. பல வீடுகளில் சமையலறையைக் காலி செய்யும் வேகத்தில் அந்தப் பை நிரம்புகிறது. தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியது பால்வாடிக்குப் போகிறது. மனத்துக்கும் ஒரு புண்ணியம் செய்த நிறைவு! அங்கே அதையெல்லாம் தரம் பிரித்துக் கழுவ வேண்டியவர் யார்? பிள்ளைகளுக்குச் சமைத்து, ஊட்டி, மலஜலம் கழுவி, கூட்டிப் பெருக்கும் அந்த ஆயாம்மாதான். நாம் பதனிடாமல் விட்ட தோலை அவர் தலையில் போடுகிறோம். சொற்பச் சம்பளக்காரருக்கு நம் குப்பையைக் கழுவும் வேலையைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதிக் கொள்வது நியாயமா?

ஆகவே அளவுகோல் இதுதான்: இதே பொருளை என் சொந்தப் பிள்ளை வாயில் வைத்தால் நான் பதறாமல் இருப்பேனா? ஆம் என்று மனம் சொன்னால் கொடுங்கள். இல்லையென்றால் அது தாஹிராக இருந்தாலும் கொடை அல்ல.

நடைமுறையில்

"இதெல்லாம் தண்ணீர் உள்ளவர் பேச்சு, எங்கள் தெருவில் குடத்துக்கு வரிசை நிற்கிறோம்" என்று சில சகோதரிகள் சொல்லக் கூடும். நியாயமான வாதம். 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்கு நின்றதை நாம் மறக்கவில்லை. ஓடும் ஆற்றிலும் தண்ணீரை வீணாக்காதே என்று கற்பிக்கும் மார்க்கம், ஒரு பால் கவரைக் கழுவ ஒரு வாளி நீரைக் கொட்டச் சொல்லாது. கழுவ வேண்டாத பொருளைத் தேர்ந்து கொடுப்பதே வழி. தீப்பெட்டி, காலணிப் பெட்டி, சோப்பு அட்டை, தையல்காரரிடம் மிஞ்சும் துணித்துண்டு, பனையோலை, கடற்கரைக் கிளிஞ்சல் ஆகியவை உணவு பட்டவை அல்ல. உலர்ந்திருந்தால் துடைத்தாலே போதும். ஆனால் தரையில் ஈரத்தில் கிடந்து எலியும் கரப்பானும் ஓடிய பெட்டி வேண்டாம்.

கெட்டியான பிளாஸ்டிக் மூடி, டப்பா என்றால் உணவு வைத்திருந்ததை மட்டும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காய வைத்து அனுப்பலாம். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தது. பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவை வீட்டில் சேர்ந்து கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பால் கவரை மட்டும், அதுவும் நன்கு கழுவிக் காய்ந்ததை மட்டும் கொடுக்கலாம். மற்றதைக் காயலான் கடைக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ பிரித்துக் கொடுத்தால் போதும். முட்டை அட்டையையும், மீன், இறைச்சி வந்த எதையும் விட்டு விடுங்கள். பத்திரிகைத் தாளில் உணவு பொதிய வேண்டாமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது, அதன் மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் இருப்பதால்தான். கைவேலைக்கு அது ஆகும். வேலை முடிந்ததும் பிள்ளை கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் பேண வேண்டும். அல்லாஹ்வின் திருநாமமோ திருவசனமோ அச்சான கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டித் தாள் முதலியவை கத்தரிக்கும் பசைக்கும் போகாதபடி முன்னதாகவே பிரித்து எடுத்துவிட வேண்டும்.

டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னென்ன வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விடுங்கள். கொண்டு வர இயலாத பிள்ளையை எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். வந்ததை எல்லோருக்கும் பொதுவாக வைத்துப் பங்கிடுங்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கை கழுவப் பழக்குங்கள். ஒளுவுக்கு முன்னோடியான அந்தப் பழக்கம், செய்த பொம்மை கிழிந்து போன பின்னும் அவர்களோடு இருக்கும்.

தூய்மை ஈமானில் அடங்கியது. வீண் விரயத்தை அல்லாஹ் நேசிப்பதில்லை. இந்த இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மோதுவது போல் தெரிவதெல்லாம், நடுவில் செய்ய வேண்டிய சிறு உழைப்பை நாம் செய்யாமல் விடுவதால்தான். வல்ல நாயன் நம் கைகளை விரயத்திலிருந்தும், நம் உள்ளங்களை வஸ்வாஸிலிருந்தும், நம் பிள்ளைகளை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.